பட்டம் நகர்ந்தது, நூல் நகரவில்லை!

கணினியில் பட்டம் விடும் விளையாட்டு ஒன்றை நாமே செய்யப்போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வானம், கீழே ஒரு சிறுவன், மேலே ஒரு பட்டம். இந்த மூன்றையும் முன்கூட்டியே வரைந்து வைத்துவிடலாம். நூலை என்ன செய்வது?

கொஞ்சம் யோசியுங்கள். பட்டம் இடப்பக்கம் போனால் நூலும் அந்தப் பக்கம் சாய வேண்டும். பட்டம் ஏறினால் நூல் நீள வேண்டும். காற்று குறைந்தால் தொய்ய வேண்டும். இத்தனைக்கும் தனித்தனியாகப் படம் வரைந்து மாளுமா? மாளாது! விளையாட்டு ஓடும்போதே, பட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அப்போதைக்கப்போது வரைய வேண்டும். சரியாகப் பிடித்துவிட்டீர்களே, கெட்டிக்காரர்கள்!

இதற்குக் கைகொடுப்பதுதான் வெக்டர் வரைதல். சாதாரணப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறித்து வைக்க வேண்டும். அகலம் 1,000, உயரம் 1,000 என்றால் மொத்தம் 10 லட்சம் புள்ளிகள்! வெக்டரில் ஒரு வட்டம் வேண்டுமென்றால் மையம் எங்கே, ஆரம் எவ்வளவு என்று சொன்னால் போதும். கணினி கணக்குப் போட்டு வரைந்துவிடும்.

நேரான நூலுக்கு இரண்டு முனைகள் போதும். தொய்ந்த நூலுக்கு? 1959-இல் பிரான்ஸில் சித்ரோயன் கார் நிறுவனத்தில் வேலை பார்த்த பால் தெ காஸ்தல்ஜோ ஒரு வழி கண்டுபிடித்தார். காரின் வளைவுகளைக் கணக்காகச் சொல்ல அவருக்கு அது தேவைப்பட்டது. நிறுவனமோ அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. பிறகு ரெனோ நிறுவனத்தின் பியர் பெஸியே இதே வகை வளைவுகளை உலகறியச் செய்தார். அதனால் 'பெஸியே வளைவு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அந்த வழியை நாமும் செய்து பார்க்கலாமா? பென்சிலை எடுங்கள்.

முதலில் ஒன்றை நினைவில் வையுங்கள். கணினித் திரையில் மேல் இடது மூலைதான் (0, 0). கீழே போகப் போக இரண்டாவது எண் கூடும். பள்ளியில் போடும் வரைபடத்துக்கு இது நேர் தலைகீழ்!

சிறுவனின் கை (100, 500). பட்டம் (500, 100). நூலைக் கீழே இழுக்க (300, 500)-இல் ஒரு புள்ளி வைப்போம். அதை இழுப்புப் புள்ளி என்போம். கைக்கும் இழுப்புப் புள்ளிக்கும் நடுவே (200, 500). இழுப்புப் புள்ளிக்கும் பட்டத்துக்கும் நடுவே (400, 300). இந்த இரண்டுக்கும் நடுவே (300, 400). நூலின் ஒரு புள்ளி கிடைத்துவிட்டது!

நூல் நேராக இருந்திருந்தால் அதன் நடு (300, 300)-இல் இருந்திருக்கும். இப்போது 100 புள்ளி கீழே தொய்ந்திருக்கிறது. புரிகிறதா? பாதிக்குப் பதில் கால், முக்கால் என்று பங்கை மாற்றிக்கொண்டே போனால் நிறையப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைக் குட்டிக் குட்டிக் கோடுகளால் இணைத்தால் நூல் தயார்.

இந்த வேலையை இப்போது செயற்கை நுண்ணறிவு (ஏஐ) ஏஜென்ட்டிடமும் கொடுக்கலாம். ஏஜென்ட் வெறுமனே பதில் சொல்லிவிட்டு நிற்காது. கருவிகளை எடுத்து வேலையும் செய்யும். காட்சியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு கருவி. நிரல் எழுத ஒன்று. விளையாட்டை ஓட்ட ஒன்று. திரையைப் படம் பிடிக்க இன்னொன்று.

'கோடோ' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. விளையாட்டுகளைச் செய்ய உதவும். அர்ஜென்டினாவில் பிறந்தது. 2014-இல் அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதில் நம் நூலை வரையும்படி ஏஜென்ட்டிடம் சொல்கிறோம். அது எழுதுகிறது, ஓட்டுகிறது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. திரையைப் படம் பிடித்தால் கையிலிருந்து பட்டம்வரை அழகான நூல். வேலை முடிந்ததா?

அவசரப்படாதீர்கள்! இரண்டு விநாடி கழித்து இன்னொரு படம் பிடித்துப் பாருங்கள். பட்டம் எங்கோ போயிருக்கும். நூல் பழைய இடத்திலேயே நிற்கலாம்!

ஏன் அப்படி? விநாடிக்கு 60 முறை திரை மாறினால், ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது 17 மில்லிவிநாடிக்கும் குறைவு. அதனால் கோடோ சிக்கனமாக இருக்கும். ஒருமுறை வரைந்ததை நினைவில் வைத்துக்கொண்டு அதையே காட்டும். மறுபடி வரைய 'க்யூ ரீட்ரா' என்ற கட்டளை வேண்டும். பள்ளியில் மணி அடித்தால்தானே அடுத்த பாடம் தொடங்கும்? அதுபோலத்தான். ஏஜென்ட் அந்தக் கட்டளையை விட்டுவிட்டால் நூல் அசையாது.

கட்டளை விட்டுப்போனதைக் கணினி பிழையாகச் சொல்லாது. ஒரே ஒரு படத்தைப் பார்த்தாலும் தெரியாது. ஆகவே ஏஜென்ட்டிடம் இப்படிச் சொல்ல வேண்டும்: "பட்டத்தை நகர்த்து. நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் படம் பிடி. இரண்டிலும் நூலின் முனை பட்டத்தைத் தொடுகிறதா என்று பார்." எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்து கேட்பவர்தான் நல்ல விளையாட்டைச் செய்ய முடியும்.

எங்கே, உங்களுக்கு ஒரு கணக்கு! கையும் பட்டமும் அதே இடத்தில் இருக்கின்றன. ஏஜென்ட் இழுப்புப் புள்ளியை (300, 100)-இல் வைத்துவிட்டது. மூன்று நடுப்புள்ளிகளையும் கண்டுபிடியுங்கள். நூல் கீழே தொய்கிறதா, மேலே புடைக்கிறதா? எதைத் திருத்தச் சொல்வீர்கள்?