'கேஸ்' தீர்ந்து போச்சாம்... யார் சொன்னது?

ஒரத்தநாடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கும் 54 வயதுக் குடும்பத் தலைவி நான். இதுவரை மற்றவர்கள் எழுதும் அனுபவங்களைப் படிப்பதோடு சரி. இப்போது நானே பேனாவை எடுத்ததற்குக் காரணம், ஏ.சி. ரிப்பேர் என்ற பெயரில் போன பணம் மட்டுமல்ல. அந்த ரிப்பேரை நம்பி என் மாமியாருக்கு நான் செய்த தப்பும்தான்.

எங்கள் வீடு, மாமனாரின் அப்பா காலத்து ஓட்டு வீடு. வாசலில் திண்ணை, அடுத்து ரேழி, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பக்கத்தில் கூடம், கடைசியில் கொல்லை. வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் திறந்து வைத்தால் போதும். சூடான காற்று மேலே ஏறி முற்றம் வழியாகப் போய்விடும். அந்த இடத்துக்குக் கொல்லையிலிருந்து குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும். கரண்டு இல்லாமல் ஓடிய ஏ.சி. அது!

2018 நவம்பர் 16 விடியற்காலை அடித்த கஜா புயலை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. தென்னை மரங்கள் சாய்ந்தன. ஓடுகள் காகிதம் மாதிரி பறந்தன. புயலுக்குப் பிறகு ஓடு மாற்ற ஆளும் கிடைக்கவில்லை, ஓடும் கிடைக்கவில்லை. கையில் இருந்த பணத்துக்குப் பாதி வீட்டுக்குத் தகர ஷீட் போட்டோம். அதோடு முற்றத்தையும் மூடிவிட்டோம். மழைத் தண்ணீர் உள்ளே வருவது நின்றது. காற்று வெளியே போவதும் நின்றது. சித்திரை, வைகாசியில் வீடு அடுப்பு மாதிரி ஆகிவிட்டது.

2021-ல் என் மாமியார் கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையாகி விட்டார். அப்போது அவருக்கு 78 வயது. முதுகெல்லாம் வேர்க்குரு, படுக்கைப் புண். விசிறிக் கொண்டே இருந்தாலும் தாங்கவில்லை. அடுத்த வருஷம் என் மூத்த மகன், "அப்பாயி படற பாடு பாக்க முடியலம்மா" என்று சொல்லி, கூடத்தை ஒட்டிய மச்சு அறையில் ஒரு டன் ஸ்பிளிட் ஏ.சி. வாங்கி மாட்டினான். இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை.

2024 சித்திரையில் திடீரென்று குளிர்ச்சி நின்று போனது. மெஷின் ஓடுகிறது, காற்று வருகிறது, ஆனால் மின்விசிறிக் காற்றுதான். வாரன்டியும் முடிந்துவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னோம். வந்தவர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கேஸ் தீந்து போச்சும்மா. அடிச்சாத்தான் கூலிங் வரும்" என்றார். 2,800 ரூபாய் கொடுத்தோம். அன்றைக்கே ஜில்லென்று ஆகிவிட்டது. எங்களுக்கும் சந்தோஷம்.

சரியாக ஒன்றரை மாதம். மறுபடியும் அதே கதை! அவரே வந்தார். "ரூம் கதவ அடிக்கடி தொறந்து வச்சீங்களா? அப்படி வச்சா கேஸு வெளிய போயிடும்ல?" என்று எங்களையே கேட்டார். கேஸுக்கு 3,000, சர்வீஸுக்கு 500 என்று 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

அது எங்களுக்குச் சாதாரணப் பணம் இல்லை, சகோதரிகளே. அந்த வருஷம் ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணை திறக்கவில்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். பம்புசெட் இல்லாத எங்கள் மூன்று மா நிலத்தில் குறுவையே கிடையாது. பால் சொசைட்டியில் இருந்து வரும் பணத்தில்தான் குடும்பம் ஓடியது. கொடுத்த 3,500-ம் அந்தப் பால் பணம்தான்.

இனிதான் என் தப்பைச் சொல்ல வேண்டும்.

என் மாமியாருக்கு மனுஷர்கள் வேண்டும். படுத்திருந்தாலும் தெருவில் போகிறவர்களின் பேச்சு காதில் விழ வேண்டும். "கதவ லேசா தொறந்து வையி ஆத்தா. யாரு வர்றா, யாரு போறான்னு தெரியட்டும்" என்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போவார்கள். மெக்கானிக் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தக் கதவைக் கண்டாலே எரிச்சல் வந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நீங்க கதவத் தொறக்கச் சொல்லிச் சொல்லித்தான் மூவாயிரம், மூவாயிரமா வெளிய போவுது அத்தை!" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

அவர் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. வந்த பெண்களும் மூடிய கதவைப் பார்த்துவிட்டு, "தூங்குறாங்களா? அப்பறம் வர்றோம்" என்று திரும்பிப் போனார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அந்த அறைக்குள் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். சாப்பாடும் குறைந்தது. வெயிலால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்ததும் மூன்றாவது முறையாகக் குளிர்ச்சி போனது. இந்த முறை என் மகன், ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு படித்த ஒரு பையனைத் தஞ்சாவூரிலிருந்து அனுப்பினான். அந்தத் தம்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கேஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி லீக் எங்கேன்னு பாத்தாங்களாக்கா?"

"இல்லியே தம்பி. சமையல் கேஸ் மாதிரி இதுவும் தீந்து போவும்னுதானே நெனச்சோம்?"

அவர் பொறுமையாக விளக்கினார். அடுப்பு கேஸ் எரிந்து தீர்ந்து போகிறது. அதனால் 14.2 கிலோ சிலிண்டர் காலியாகிறது. ஏ.சி. கேஸ் எரிவதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே இருக்கும் பெட்டியில் கொண்டுபோய் விடுகிறது. எங்கள் மெஷினில் மொத்தமே அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான் கேஸ்! எந்த வகை, எத்தனை கிராம் என்று வெளிப் பெட்டியின் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கிறது. குழாயில் ஓட்டை இல்லாவிட்டால் அது வருஷக் கணக்கில் அப்படியே இருக்குமாம். "கேஸ் கொறஞ்சிருந்தா லீக்குன்னு அர்த்தம். லீக்க அடைக்காம கேஸ் அடிக்கிறது, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற மாதிரிக்கா" என்றார்.

"அப்ப கதவத் தொறந்தா கேஸ் வெளிய போவாதா?" என்று கேட்டேன்.

தம்பி சிரித்துவிட்டார். "ரூமுக்குள்ள கேஸே வர்றதில்லக்கா. வர்றது வெறும் காத்துதான். கதவத் தொறந்தா குளிர்ச்சி போவும், கரண்டு பில்லு ஏறும். கேஸுக்கும் கதவுக்கும் சம்பந்தமே இல்ல."

மாமியார் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லை.

தம்பி குழாயில் நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, மூட்டுகளில் எல்லாம் சோப்பு நுரையைத் தடவினார். கொல்லைச் சுவரில் இருந்த வெளிப் பெட்டியின் பக்கத்தில், குழாயை இறுக்கும் பித்தளை நட்டில் குமிழி குமிழியாக வந்தது. நட்டின் உடம்பிலேயே தலைமுடி மாதிரி ஒரு விரிசல்! சுற்றும் முற்றும் பார்த்தவர், "மாட்டுக் கொட்டாய இவ்வளவு கிட்ட வச்சிருக்கீங்களேக்கா" என்றார். வெளிப் பெட்டிக்கு நேர் கீழே எங்கள் மாட்டுக் கொட்டகை.

மாட்டுக்கும் ஏ.சி.க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுக்கும் என் இளைய மகன்தான் போனில் விளக்கினான். கோமியத்திலிருந்து அமோனியா எழும்புகிறது. கொட்டகைப் பக்கம் மூக்கில் ஏறுகிற நெடி அதுதான். ஏற்கனவே இறுக்கத்தில் இருக்கும் பித்தளையை அது மெல்ல மெல்ல வெடிக்க வைத்துவிடுமாம். வெள்ளைக்காரன் காலத்தில் நம் நாட்டில் இருந்த ராணுவத்திலேயே இது நடந்திருக்கிறது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. அதற்குக் காரணம் அமோனியாதான் என்று 1921-ல் விளக்கினார்களாம். படித்த ராணுவத்துக்கே புரியாமல் இருந்த விஷயம், எனக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை என்று மகன் சமாதானம் சொன்னான்.

செலவுக் கணக்கைச் சொல்கிறேன். லீக் பார்க்க 500, இரண்டு புது நட்டும் குழாய் முனையைச் சரிசெய்த கூலியும் 300, கேஸ் 2,600. வெளிப் பெட்டியைக் கொட்டகைப் பக்கத்திலிருந்து வாசல் பக்கச் சுவருக்கு மாற்ற, செம்புக் குழாயோடு சேர்த்து 2,400. ஆக 5,800 ரூபாய். முதல் தடவையே லீக்கைப் பார்த்திருந்தால் இதோடு முடிந்திருக்கும். அதற்கு முன் கொடுத்த 6,300 ரூபாயும் காற்றில் போனது. வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே காற்றில்தான் போனது! எங்கள் மெஷினில் இருப்பது ஆர்-32 என்ற வகை. வெளியே கசிந்தால் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட அறுநூறு மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குமாம். வெயில் தாங்காமல் ஏ.சி. வாங்கிவிட்டு, வெயிலைக் கூட்டுகிற வேலையையும் நாமே செய்திருக்கிறோம்.

இதையெல்லாம் அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் மகளிடம் போனில் சொன்னேன். "இங்கேயும் இதே கதைதான் அத்தை" என்றாள். அங்கே வீட்டுக் கூரைக்குள் பெரிய தகரக் குழாய்கள் வைத்து, ஒரே மெஷினிலிருந்து எல்லா அறைக்கும் குளிர் காற்றும் சூட்டுக் காற்றும் அனுப்புகிறார்களாம். நம் கல்யாண மண்டபங்களில் 'டக்ட்' என்கிறோமே, அது. இணைப்புகள் சரியில்லாமல் அதில் ஓடுகிற காற்றில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை வழியிலேயே வீணாகிறது என்று அந்த நாட்டு அரசாங்கமே சொல்கிறதாம். ஊர் வேறானாலும் பாடம் ஒன்றுதான்: முதலில் ஒழுகலைப் பார், பிறகு குளிர்ச்சியைப் பார்.

வீட்டில் ஏ.சி. வைத்திருக்கும் சகோதரிகள் கீழ்க்கண்டவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்:

* "கேஸ் இல்லை" என்று சொன்னால், "லீக் எங்கே? காட்டுங்க" என்று கேளுங்கள். சோப்பு நுரையில் குமிழி வருவதை உங்கள் கண்ணால் பாருங்கள்.

* லீக்கை அடைத்த பிறகு, பம்ப் வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். இதை 'வேக்கம்' போடுவது என்கிறார்கள். இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை இல்லை.

* ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி தராசில் நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள்.

* ஆர்-32 தீப்பிடிக்கக் கூடிய கேஸ். வேலை நடக்கும்போது பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு கூடாது.

* குளிர்ச்சி குறைந்தால் உடனே ஆளைக் கூப்பிடாமல், முதலில் உள் பெட்டியின் சல்லடையைக் கழுவிப் பாருங்கள். அறுவடை நேரத்து வைக்கோல் தூசியே பாதி அடைத்துவிடும்.

* மாட்டுக் கொட்டகை, சாக்கடை, கழிவறைத் தொட்டி பக்கத்தில் வெளிப் பெட்டியை மாட்டாதீர்கள்.

பெட்டியை மாற்றுவதா, மாட்டை விற்பதா என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. பல நாள் வாய் திறக்காமல் இருந்த மாமியார் அப்போதுதான் பேசினார். "மாடு முந்தி வந்துச்சு. மிசினு பிந்தி வந்துச்சு. பிந்தி வந்தது தள்ளிப் போவட்டும்!" எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்று ராத்திரி அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "தெரியாமப் பேசிட்டேன் அத்தை" என்றேன். "பணம் போன எரிச்சல்ல பேசுன. வுடு ஆத்தா" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

அந்தத் தீபாவளிக்கு முன் இன்னொரு வேலையும் செய்தோம். முற்றத்து ஷீட்டை ஒன்றரை அடி உயர்த்தி, நாலு பக்கமும் வலைக்கம்பி அடித்தோம். செலவு 4,000 ரூபாய். சூடு மேலே ஏறிப் போக மறுபடியும் வழி கிடைத்தது. இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏ.சி.யை நிறுத்திவிட்டு அறைக் கதவை அகலத் திறந்து வைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வெற்றிலைத் தட்டோடு வந்துவிடுகிறார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

போன பணத்தைப் பால் கறந்து சம்பாதித்துவிடலாம். அந்த ஒரு மாதத்தை என் மாமியாருக்கு நான் எங்கிருந்து திருப்பிக் கொடுப்பது? அடுத்தவர் சொன்னதை விசாரிக்காமல் நம்பி, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் மீது கோபத்தைக் காட்டாதீர்கள் சகோதரிகளே!

— ஒரு வாசகி, ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.