விரலால் சுழலும், கசியாது

பெட்ரோல் காரில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்க மெக்கானிக்குகளிடம் ஒரு வழி இருக்கிறது. இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயான ஃபியூல் ரெயிலை அமர்த்தி, இன்ஜெக்டரை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருகிப் பார்ப்பார்கள். முதலில் கொஞ்சம் பிடிவாதம் காட்டிவிட்டு, பிறகு வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் உள்ளே ரப்பர் வளையம் எங்கோ மடங்கிக் கிடக்கிறது. கழற்றித்தான் ஆக வேண்டும்.

முதல் தடவை இதைப் பார்க்கிறவருக்குத் திக்கென்று இருக்கும். அந்த இடத்தில் பெட்ரோல் 3 பார் அழுத்தத்தில் நிற்கப்போகிறது. கார் டயரில் அடிக்கும் காற்றைவிட அதிகம். டர்போ வண்டி என்றால் அதே பானட்டுக்குள், எஞ்சினை ஒட்டியே டர்போவின் இரும்புக்கூடு இருக்கும். அதற்குள் நுழையும் புகையின் சூடு 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். பெட்ரோலை வெளியே விடாமல் நிறுத்திவைப்பது விரலால் சுழற்றக்கூடிய ஒரு வளையம். மரை இல்லை, பசை இல்லை, வெல்டிங் இல்லை. சுழலும் அளவுக்குத் தளர்வாக இருக்கும் ஒன்று எப்படிக் கசியாமல் இருக்கிறது?

விடை ரப்பரின் ஒரு குணத்தில் இருக்கிறது. ரப்பர் நெகிழும், ஆனால் அதன் கனஅளவு குறையாது. தண்ணீர் நிரப்பிய பலூனைப் போல, ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் பிதுங்கும். சிலிண்டருக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டுக்குள் பெட்ரோல் தெளிக்கும் வகை எஞ்சின்களில் பரவலாக இருக்கும் பாஷ் இன்ஜெக்டரை எடுத்துக்கொள்வோம். அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் வெளிவிட்டம் சுமார் 14.5 மில்லிமீட்டர். அது நுழைய வேண்டிய ரெயிலின் துளை சுமார் 13.5 மில்லிமீட்டர். ஆக, உட்காரும்போதே வளையம் சுற்றிலும் நசுங்கித்தான் உட்காருகிறது. வண்டி நிற்கும்போது காப்பதற்கு அந்த நசுங்கல் போதும்.

பம்ப் ஓடத் தொடங்கியதும் நடப்பதுதான் அழகு. பெட்ரோல் வளையத்தை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. வளையம் தன் பள்ளத்துக்குள் நகர்ந்து எதிர்ச்சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் நகர இடமில்லை, சுருங்கவும் முடியாது. அதனால் தன்மேல் விழுந்த அழுத்தம் முழுவதையும் பக்கச்சுவர்கள் மீது திருப்பிவிடுகிறது. சுவரோடு வளையம் ஒட்டும் விசையில் பெட்ரோலின் 3 பார் அப்படியே இருக்கிறது. பொருத்தும்போது ஏற்பட்ட நசுங்கலின் விசை அதன் மேல் கூடுதலாகச் சேர்கிறது. பெட்ரோல் 4 பாருக்கு ஏறினால் சுவரின் மீதான பிடியும் அதே அளவு ஏறும். கசியப் பார்க்கும் திரவமே கதவை இறுக்கிச் சாத்துகிறது. சாத்தும் விசை எப்போதும் தள்ளும் விசையைவிட ஒரு படி மேலேதான்.

இதற்கு வளையம் நகர்ந்தாக வேண்டும். டென்மார்க்கில் 1865இல் பிறந்து 1891இல் அமெரிக்கா போன நீல்ஸ் கிறிஸ்டென்சன் கண்டுகொண்டது இதைத்தான். வளையத்தை அசையவிடாமல் இறுக்கிப் பிடிக்காதீர்கள், அதைவிடக் கொஞ்சம் அகலமான பள்ளத்தில் வையுங்கள் என்பதே அவருடைய வழி. காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 72. 1939இல் அது கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ஹைட்ராலிக் அமைப்புகளுக்குள் நுழைந்த அந்த வளையம் இன்று சமையலறைக் குழாய் வரை வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க பிரேக்குகளோடு மல்லுக்கட்டிய ஒரு மனிதரின் முதுமையில் பிறந்த பொருள் இது. அவர் பெயர் இன்னும் நிறைய பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்ஜெக்டரில் இரண்டு வளையங்கள். மேலே உள்ளது பெட்ரோலைக் காக்கிறது. கீழே உள்ளது காற்றைக் காக்கிறது. டர்போ இல்லாத வண்டியில் கீழ்வளையத்தின் வாழ்க்கை எளிது. மேனிஃபோல்டுக்குள் எஞ்சின் சதா உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஐட்லிங்கில் அங்கே உள்ள அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். வெளிக்காற்று உள்ளே புகப் பார்க்கும், வளையம் உட்புறமாகச் சாய்ந்து தடுக்கும். முழு ஆக்சிலரேட்டரில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகும். அவ்வளவுதான்.

டர்போ இதைத் தலைகீழாக்குகிறது. ஐட்லிங்கில் அதே உறிஞ்சல் இருக்கும். ஆனால் காலை அழுத்தி டர்போ வேகமெடுத்ததும், மேனிஃபோல்டுக்குள் வெளிக்காற்றைவிட அரை பார், ஒரு பார் அதிகமாகக் காற்று திணிக்கப்படுகிறது. இதுதான் பூஸ்ட். உள்ளே சாய்ந்திருந்த வளையம் இப்போது பள்ளத்தின் மறுசுவருக்கு ஓடி, வெளியே போகப் பார்க்கும் காற்றைத் தடுக்க வேண்டும். காலை எடுத்ததும் மறுபடி இந்தப் பக்கம். நகரத்து நெரிசலில் ஒரு நாளைக்கு இந்தச் சின்ன வளையம் எத்தனை முறை பக்கம் மாறும் என்று யோசித்துப் பாருங்கள். மேல்வளையத்துக்கும் ஓய்வில்லை. இப்படிப்பட்ட பல எஞ்சின்களில் ரெகுலேட்டர், பெட்ரோலின் அழுத்தத்தை எப்போதும் மேனிஃபோல்டைவிட 3 பார் அதிகமாக வைத்திருக்கும். மேனிஃபோல்டில் டர்போ ஒரு பார் ஏற்றினால் ரெயிலில் 4 பார்.

அதனால்தான் டர்போ வண்டியில் கீழ்வளையக் கசிவு ஆளைக் குழப்புகிறது. ஐட்லிங்கில், காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி வெளிக்காற்று திருட்டுத்தனமாக உள்ளே புகும். பெட்ரோல் போதாமல் எஞ்சின் தடுமாறும். பூஸ்ட்டில் நேர் எதிர். அளந்து உள்ளே விட்ட காற்று வெளியேறிவிடும், கணினியோ அந்தக் காற்று உள்ளே இருப்பதாக நினைத்துப் பெட்ரோல் தெளிக்கும். பிக்கப் குறையும், கரும்புகை வரும். ஒரே வண்டியில் பெட்ரோல் பற்றாக்குறையும் மிகுதியும் மாறி மாறித் தெரிந்தால் சென்சாரை மாற்றுவதற்கு முன் இந்த வளையங்களைப் பார்ப்பது நல்லது. வயதான ரப்பர் நெகிழ்ச்சியை இழந்து, நசுங்கிய வடிவத்திலேயே உறைந்திருக்கும். கழற்றிக் கையில் எடுத்தால் வட்டமாக இருந்த குறுக்குவெட்டு பட்டையாகத் தெரியும். அது ஒரு பக்கம் சாய்ந்து காக்கலாம், மறுபக்கம் ஓடிப்போய் ஒட்ட அதற்குத் தெம்பு இருக்காது.

இனி, வளையத்தைப் பொருத்தும்போது தடவும் எண்ணெய். புது வளையத்தை உலர்ந்தபடியே துளைக்குள் தள்ளினால் என்ன ஆகும்? உலர்ந்த ரப்பர் உலோகத்தை அசாத்தியமாகப் பற்றும். வளையத்தின் வெளிவிளிம்பு துளையின் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்விளிம்பு இன்ஜெக்டரோடு இறங்கும். வளையம் தன்னைத்தானே சுற்றி முறுக்கிக்கொள்ளும். சில இடங்களில் புரண்டும் சில இடங்களில் புரளாமலும் போனால் அந்த முறுக்கு உள்ளேயே தங்கி, நாளடைவில் சுருள்கோடாக ரப்பரைக் கிழிக்கும். சரிவாகத் தள்ளினாலோ, துளையின் வாய் விளிம்பு ரப்பரைச் சீவிவிடும். பிறை வடிவில் ஒரு கறுப்புச் சீவல், நகக்கீற்று அளவுதான், ரெயிலின் வாயில் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் அந்த வளையத்தின் கதை முடிந்தது என்று அர்த்தம்.

சுத்தமான எஞ்சின் ஆயிலை விரல்நுனியில் தொட்டு வளையத்தைச் சுற்றி ஒரு தடவு தடவினால் போதும், இந்த ஆபத்துகள் பெருமளவு போய்விடும். ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய படலம் நின்று, வளையம் முறுக்கில்லாமல் வழுக்கி இறங்குகிறது. கசிவைத் தடுக்கும் வேலை அந்த ஆயிலுக்குக் கிடையாது. உட்கார வைத்ததோடு அதன் கடமை முடிந்தது. மேல்வளையத்தில் தடவியதைப் பெட்ரோலே கழுவிக்கொண்டு போய்விடும். அதிகம் தடவுவதால் பயனில்லை, தூசியைத்தான் இழுத்துவரும்.

எந்த எண்ணெய் என்பதில் கவனம் வேண்டும். இன்ஜெக்டர் வளையங்கள் பெரும்பாலும் நைட்ரைல் அல்லது ஃப்ளோரோகார்பன் ரப்பர். இரண்டுக்கும் மினரல் ஆயில் ஒத்துப்போகும். பிரேக்கில் இருக்கும் ஈபிடிஎம் ரப்பரில் அதே ஆயிலைத் தடவினால் அது ஊதிப் பெருத்து வீணாகிவிடும். சிலிக்கான் கிரீஸ் வளையத்துக்குத் தீங்கு செய்யாது. ஆனால் அது எஞ்சினுக்குள் போய் எரிந்தால் சிலிக்கா படிவாகி, புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரை மூடிவிடும். பழைய வண்டிகளுக்கு இப்போது E20 பெட்ரோலும் சேர்ந்துகொண்டது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை எல்லாப் பழைய ரப்பரும் ஒரே மாதிரி தாங்காது. மாற்றும்போது ஃப்ளோரோகார்பன் வளையமாக வாங்கிவிடுவதே என் தேர்வு.

இத்தனையும் மேனிஃபோல்டில் தெளிக்கும் இன்ஜெக்டருக்குத்தான். ஃபோக்ஸ்வாகனின் டிஎஸ்ஐ, சுசுகியின் பூஸ்டர்ஜெட் போன்ற நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சின்களில் இன்ஜெக்டரின் மூக்கு சிலிண்டருக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே தீயும் வெடிப்பின் அழுத்தமும் நேரடியாக மோதுவதால் ரப்பர் நிற்காது. நுனியில் இருப்பது டெஃப்லான் வளையம். 1938 ஏப்ரல் 6 அன்று நியூஜெர்சியில் உள்ள டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை, ஆனால் எடை குறையவில்லை. உருளையை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வெள்ளைத் தூளாக இருந்ததே டெஃப்லான்.

இந்த வளையத்துக்கு எண்ணெய் வைக்கவே கூடாது. தயாரிப்பாளர்களின் கையேடுகள் உலர்ந்த நிலையில்தான் பொருத்தச் சொல்கின்றன. டெஃப்லான் இயல்பிலேயே வழுக்கும் பொருள், உதவி தேவையில்லை. ரப்பரைப் போல இழுத்துவிட்டால் சட்டென்று திரும்பாது. மெதுவாகத்தான் பழைய அளவுக்கு வரும். அதனால் கூம்பு வடிவக் கருவியின் மேல் வழுக்கவிட்டு விரித்து, பள்ளத்தில் விழச் செய்து, பிறகு அளவுக்குழல் ஒன்றை மேலே திருகித் தள்ளி வளையத்தை மறுபடி ஒடுக்குகிறார்கள். துளைக்குள் போனதும் மிச்ச வேலையை எஞ்சினின் சூடு பார்த்துக்கொள்ளும். டெஃப்லான் அலுமினியத்தைவிடச் சுமார் ஐந்து மடங்கு அதிகமாக விரிவடையும். எஞ்சினின் தலைப்பகுதி சூடேறச் சூடேற வளையம் சுவரை இறுகப் பற்றும். அதே இன்ஜெக்டரின் மேல்முனையில், பெட்ரோல் பக்கம், ரப்பர் ஓ-ரிங் இருந்தால் அதற்கு ஆயில் உண்டு. ஒரே பொருளின் ஒரு முனைக்கு எண்ணெய், மறுமுனைக்கு உலர்வு; ஆயில் தொட்ட விரலோடு நுனியைத் தொடாமல் இருப்பதே இங்கே பாதித் திறமை.

பொருத்தி முடித்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால், பல வண்டிகளில் பம்ப் ஓரிரு விநாடி ஓடி ரெயிலில் அழுத்தம் ஏற்றும். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்து, மேல்வளையங்களைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பார்க்கலாம். மேனிஃபோல்டில் தெளிக்கும் எஞ்சினில் கீழ்வளையத்துக்கு அது போதாது. ஐட்லிங்கில் ஓடவிட்டுப் பார்த்தாலும் வளையத்தின் ஒரு திசையைத்தான் சோதித்ததாகும். டர்போ வண்டியில் எஞ்சினை அணைத்துவிட்டு, காற்று நுழையும் குழாயை அடைத்து, அந்த எஞ்சினின் பூஸ்ட் அளவுக்கு கம்ப்ரஸர் காற்றை ஏற்றி, இன்ஜெக்டரின் அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குமிழ் வந்தால் இறுக்குவதற்கு அங்கே போல்ட் எதுவும் கிடையாது. அந்த இன்ஜெக்டரைக் கழற்றி, துளையைத் துடைத்து, புது வளையத்துக்கு ஆயில் தொட்டு, நேராக இறக்க வேண்டும்.