கூடத்து டிவிக்குப் படத்தைச் சுமப்பது யார்?

திருச்சி மெயின்கார்டு கேட் பக்கமோ தில்லைநகரிலோ டிவி வாங்கப் போனால் கடைக்காரர் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "போன்ல இருக்கறது அப்படியே டிவியில வந்துடும் சார்." அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரே வாக்கியத்துக்குள் வெவ்வேறான இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றில் போன்தான் படத்தைச் சுமக்கிறது. மற்றதில் போன் ஒன்றையும் சுமப்பதில்லை. வீட்டில் நடப்பது இதில் எது என்று தெரியாததால்தான் படம் நின்று நின்று வரும்போது நெட் கம்பெனியைத் திட்டுகிறோம். நெட் கம்பெனிக்காரர் டிவியைக் கைகாட்டுகிறார். டிவி கம்பெனிக்காரர் போனைக் கைகாட்டுகிறார். படத்தைச் சுமப்பது யார் என்ற கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், எதைச் சரி செய்வது, எதற்குக் காசு கொடுப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் தானே தெளிந்துவிடும்.

ஸ்கிரீன் மிரரிங் என்ற வகையில் போன் திரையில் தெரிவது அனைத்தும் டிவிக்குப் போகிறது. இதற்கான மிராகாஸ்ட் என்ற பொது முறையை வைஃபை அலையன்ஸ் 2012-இல் கொண்டுவந்தது. போனும் டிவியும் நேரடியாகக் கைகோத்துக்கொள்வதால் ரூட்டரோ இன்டர்நெட்டோ கூடத் தேவையில்லை. சுமை மட்டும் பெரிது. முழு ஹெச்.டி. படம் ஒன்றில் 1920-க்கு 1080 என்று 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 30 படம் என்று பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 149 கோடி பிட் ஆகிறது. இதை அப்படியே காற்றில் அனுப்ப முடியாது. அதனால் யூடியூபிலிருந்து சுருக்கி வந்த படத்தைப் போன் விரித்துத் திரையில் காட்டி, அந்தத் திரையை மறுபடி சுருக்கி டிவிக்கு அனுப்புகிறது. ஒரே வேலை இரண்டு தரம் நடக்கிறது. போன் சூடாவதும், பேட்டரி இறங்குவதும், மிருதங்கத்தில் விரல் விழுந்த பிறகு நாதம் ஒரு கணம் தள்ளிக் கேட்பதும் இதனால்தான். கட்டணச் செயலிகளின் படம் மிரரிங்கில் வெறும் கறுப்பாக வருகிறதே, அது பழுதில்லை. நகலெடுப்பதைத் தடுக்கச் செயலிக்காரர்கள் வேண்டுமென்றே போட்ட பூட்டு.

காஸ்ட் என்பது வேறு கதை. டிவியில் சொருகி இப்படிக் காஸ்ட் செய்ய உதவும் குரோம்காஸ்ட் கருவியைக் கூகுள் 2013-இல் வெளியிட்டது. இந்தியாவுக்கு அது 2014 டிசம்பரில் 2,999 ரூபாய் விலையில் வந்து சேர்ந்தது. இதில் போன் டிவியிடம் சொல்வது ஒரு முகவரியை மட்டுமே. டிவி தானே ரூட்டர் வழியாக இணையத்துக்குப் போய்ப் படத்தை எடுத்துக்கொள்கிறது. குளித்தலைக்குப் போகிறவரை முதுகில் தூக்கிக்கொண்டு போவது மிரரிங் என்றால், வழி சொல்லி அனுப்பிவிடுவது காஸ்ட். ஆப்பிளின் ஏர்பிளே (2010 முதல் இந்தப் பெயர்) இரண்டையும் செய்யும். செயலியைப் பொறுத்து எது நடக்கிறது என்பது மாறும்.

ஸ்ரீரங்கத்து வீடுகளில் இந்த வேறுபாடு கண்முன்னே தெரியும். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இடையில் கெட்டியான செங்கல் சுவர்கள். தெருக் கம்பத்திலிருந்து ஃபைபர் இழுத்து வருகிறவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வாசலருகிலேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். ரேழியில் நின்று போனில் வேகம் பார்த்தால் எண் பிரமாதமாக இருக்கிறது. கூடத்தில் டிவி திணறுகிறது. காஸ்ட்டில் படத்தை எடுத்துவரும் பொறுப்பு டிவியுடையது என்பதால், அளக்க வேண்டியது டிவி இருக்கும் இடத்து வேகத்தை. அதிலும் விலை குறைந்த டிவிகள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் இருக்கும். அது சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அந்த அலைவரிசையில்தான் முட்டிமோதிக்கொண்டிருக்கும். ரூட்டரிலிருந்து டிவிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டால் தீர்ந்தது. 4கே படத்துக்கே நொடிக்கு 20 மெகாபிட் போதும். கம்பியில்லா வசதிக்கு நடுவில் ஒரு கம்பியா என்று கேட்கலாம். கையில் இருக்கும் போனுக்குத்தான் கம்பி கூடாது. சுவரில் மாட்டிய டிவி எங்கும் நடந்து போவதில்லை.

மிரரிங்கா காஸ்ட்டா என்பதற்கு வைகுண்ட ஏகாதசி விடியற்காலை நல்ல சோதனை. கோயிலின் உற்சவர் நம்பெருமாள் ரத்தின அங்கியில் பரமபத வாசல் கடப்பதைப் பார்க்க வீதியில் கூட்டம் நெரியும். நெரிசலில் நிற்க முடியாத முதியவர்கள் வீட்டில் நேரலையைப் பார்ப்பார்கள். 2020 டிசம்பர் 25 அன்று கொரோனா கட்டுப்பாட்டால் வாசல் திறக்கும் நேரத்தில் பக்தர்களை உள்ளே விடவில்லை. உள்ளூர்க்காரர்களுக்குமே அன்று திரைதான் கதி. அப்படியொரு நேரலையை மிரரிங்கில் ஓடவிட்டிருக்கும்போது அமெரிக்காவிலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால், பெருமாள் மறைந்து அழைப்புத் திரை கூடத்தை நிறைக்கும். காஸ்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. போனில் பேசலாம், போனைப் பூட்டிவைக்கலாம், டிவியில் படம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று மட்டும்: இணைய நேரலை எப்போதும் பல நொடிகள் பின்தங்கியே வரும். கேபிளிலோ டிடிஹெச்சிலோ பார்க்கும் பக்கத்து வீட்டில் "ரங்கா ரங்கா" என்ற குரல் எழுந்து அடங்கிய பிறகுதான் நம் வீட்டில் வாசல் திறக்கும்.

டிவியிலேயே யூடியூப் இருக்கிறதே, போன் எதற்கு நடுவில் என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். தினமும் பார்க்கும் சேனலுக்குப் போன் தேவையில்லை. ஆனால் ரிமோட்டின் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தித் தமிழில் ஒரு பாடகர் பெயரைத் தட்டிப் பார்த்தவர்களுக்குப் போனின் அருமை தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த சுட்டியை ரிமோட்டால் திறக்கவும் வழியில்லை. இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. எல்லா வீட்டிலும் ஃபைபர் இருக்கிறதா? இல்லை. போனின் டேட்டாவையே நம்பியிருக்கும் வீடுகள் ஏராளம். அங்கே ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணைத்து அதே போனிலிருந்து காஸ்ட் செய்யப் பார்த்தால் சில போன்களில் நடக்கும், சிலவற்றில் காஸ்ட் பட்டியலில் டிவியின் பெயரே தெரியாது. இப்படிப்பட்ட வீட்டுக்கு மிரரிங்தான் சரி. பேட்டரி இறங்கினால் இறங்கட்டும். லாட்ஜ், ஹாஸ்டல் வைஃபைகளிலும் டிவியின் பெயர் தெரியாது. ஒருவர் கருவியை இன்னொருவர் பார்க்கக்கூடாதென்று அங்கே தடுத்து வைத்திருப்பார்கள். வீட்டில் அந்தத் தடுப்பு கிடையாது. மாடி போர்ஷன்காரருக்கு வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் அவர் போனிலும் உங்கள் கூடத்து டிவி தெரியும். அதற்குத்தான் ரூட்டரில் கெஸ்ட் இணைப்பு என்று தனியாக ஒன்று இருக்கிறது.

இதுவரை காஸ்ட்டுக்கு ஆதரவாகவே பேசியாயிற்று. அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. படத்தைச் சுமப்பது நம் போன் இல்லை என்பதால், வழி திறப்பதும் அடைப்பதும் நம் கையில் இல்லை. 2025 மார்ச் 9 அன்று இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டுகள் உலகம் முழுதும் திடீரென்று காஸ்ட்டை ஏற்க மறுத்தன. கருவியில் ஒரு பழுதும் இல்லை. உள்ளே இருந்த பத்தாண்டு மின்சான்றிதழ் ஒன்று காலாவதியாகியிருந்தது. கூகுள் திருத்தம் அனுப்பிய பிறகுதான் உயிர் வந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2019-இல் ஏர்பிளேயைக் கைவிட்டது. 2025 இறுதியில் போனிலிருந்து பெரும்பாலான டிவிகளுக்குக் காஸ்ட் செய்யும் வசதியையும் எடுத்துவிட்டது. பழைய வானொலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: திருச்சி வானொலி 1939-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதைக் கேட்ட வால்வு ரேடியோ எத்தனை வருடம் பழையது என்று நிலையம் கேட்டதில்லை, கேட்கவும் வழியில்லை. இன்றைய கருவியோ ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு சர்வரிடம் தலையாட்டல் வாங்கிக்கொண்டுதான் பாடுகிறது. வசதிக்காக இதை ஏற்கலாம், சந்தா கட்டிப் பார்ப்பதற்கு வேறு வழியும் கிடையாது. நமக்கே சொந்தமானவற்றையும், கல்யாண வீடியோ, பாட்டியின் சதாபிஷேகம், அப்பா பதிவு செய்து வைத்த கச்சேரி இவற்றையும், இதே வழியில் விடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அவற்றுக்கு டி.எல்.என்.ஏ. என்ற பழைய வழி இருக்கிறது. சோனியும் வேறு சில கம்பெனிகளும் 2003-இல் தொடங்கிய அமைப்பு வகுத்த முறை அது. அமைப்பு 2017-இல் கலைந்துவிட்டது. முறை இன்னும் பல டிவிகளில் உயிரோடு இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பை வீட்டு வைஃபைக்குள்ளேயே டிவி எடுத்துக்கொள்ளும், இணையம் அறுந்து கிடந்தாலும். இவ்வளவு ஏற்பாடு வேண்டாம் என்பவர்களுக்கு டிவியின் பின்னால் யூஎஸ்பி இருக்கிறது. அதில் ஒரு சின்னச் சிக்கல்: எஃப்.ஏ.டி. 32 முறையில் அமைத்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது, மூன்று மணி நேரக் கல்யாண வீடியோ அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும், ஆனால் பழைய டிவிகள் சில அதைப் படிக்காது. ஸ்டுடியோக்காரரிடம் ஊஞ்சல், முகூர்த்தம், நலங்கு என்று தனித்தனி எம்பி4 கோப்பாக வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்வது உத்தமம்.