பெரியப்பாவின் தந்தச் சிமிழ்

பாகப் பிரிவினையில் வீடு, நிலமெல்லாம் சுலபமாகப் பிரிந்துவிடும் சார். சண்டை வருவது அண்டாவுக்கும் அம்மிக்கும்தான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் பெரியப்பா ஆத்தில் ஒரு சிமிழுக்கு வந்தது.

உள்ளங்கையில் அடங்கிவிடும். மூடியில் ஒரு மயில், சுற்றிலும் கொடி. தாத்தா அறுபது வருஷத்துக்கு முன்னால் மைசூர் போனபோது வாங்கி வந்து, பெருமாள் அலமாரியில் ஸ்ரீசூர்ணம் வைத்திருந்தார். "அசல் யானைத் தந்தம்டா. இன்னிக்கு லட்ச ரூபா பெறும்!" என்பது குடும்ப ஐதீகம். இதை யார் வைத்துக்கொள்வது என்பதில் பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் பேச்சு நின்று எட்டு மாதம்.

"நீ பி.காம்.தானே? மதிப்புப் போட்டுச் சொல்லு. பாதியை அவ மூஞ்சில விட்டெறிஞ்சுடறேன்" என்றார் பெரியப்பா.

மேஜை, நாற்காலிக்குத் தேய்மானம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். தந்தத்துக்கு எத்தனை சதவீதம்? எந்தப் பேப்பரிலும் வரவில்லை. சரி, முதலில் அசல் தந்தம் எப்படி இருக்கும் என்று பார்ப்போம் என்று கிளம்பினேன். அதற்காக ஊர் தாண்ட வேண்டாம். ரங்கநாதர் கோயிலுக்குள்ளேயே அருங்காட்சியகம் இருக்கிறது.

வருஷக் கணக்கில் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து 1ஆம் நம்பர் பஸ் ஏறி, பெருமாளைச் சேவித்து, புளியோதரை வாங்கித் தின்று திரும்பியவன் நான். கண்ணாடிப் பெட்டிக்குள் 17ஆம் நூற்றாண்டு உட்கார்ந்திருப்பது அன்றுதான் தெரிந்தது. நாயக்கர் காலத்துத் தந்தச் சிற்பங்கள். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரும் அரசியும் அங்கே தந்தத்தில் நிற்கிறார்கள். கொண்டை, நகை, துணி மடிப்பு ஒவ்வொன்றையும் பார்த்தால், செதுக்கியவர் மூச்சை அடக்கிக்கொண்டுதான் வேலை செய்திருக்க வேண்டும். மதுரையில் அவர் மஹாலின் தூண்களை அண்ணாந்து பார்த்த அதே நான், இங்கே மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

இந்தக் கலை நமக்குப் புதிதல்ல. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்தில், 1938இல் இந்தியத் தந்தப் பெண் சிலை ஒன்று கிடைத்தது. முசிறியிலிருந்து கப்பலேறிய சரக்குக்கு எழுதிய கணக்கு ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அதிலும் தந்தம் உண்டு. 1851 லண்டன் கண்காட்சிக்குத் திருவிதாங்கூர் மகாராஜா தந்தச் சிம்மாசனமே அனுப்பினார்.

ஆனால், ஒரு கணக்கு இருக்கிறது. கொம்பு என்கிறோமே, அது கொம்பில்லை, பல். மேல் தாடை வெட்டுப்பல். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டைக்குள் புதைந்திருக்கும். மான் கொம்பு மாதிரி வருஷா வருஷம் உதிராது. முழுசாக வேண்டுமென்றால் யானை செத்தாக வேண்டும். நம் ஊர் யானைகளில் நீளத் தந்தம் ஆணுக்கு மட்டும்தான். அதிலும் மக்னாவுக்குக் கிடையாது. ஆக, தந்தத்துக்காகச் சுட்டவர்கள் ஆண்களாகப் பொறுக்கிச் சுட்டார்கள். சந்தனக் கடத்தலுக்குப் பேர்போன வீரப்பன் கூட்டமும் சத்தியமங்கலம் பக்கம் இதைத்தான் செய்தது.

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பார்கள். பிற்பாதியைச் சட்டம் அடித்துவிட்டது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு யானை 1977இல் வந்தது. 1986இல் உள்நாட்டுத் தந்த வியாபாரம் நின்றது. 'இது ஆப்பிரிக்கா தந்தம் சார்' என்று தப்பிக்கும் வழியை 1991 திருத்தம் அடைத்தது. 'இது மாமூத் தந்தம், அந்த மிருகமே இப்போது இல்லையே' என்று ஒரு கட்சி சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2003இல் அதுவும் செல்லாது என்று தீர்ப்பு. பார்த்தால் இரண்டும் ஒன்று போலிருக்குமே!

பெரியப்பாவிடம் விவரத்தைச் சொன்னேன். "விற்கவே கூடாது பெரியப்பா. வாரிசா வந்தாக்கூட 90 நாளுக்குள்ள வனத்துறைல தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதிக் கொடுக்கணும். மீறி வித்தா மூணு வருஷத்துலேர்ந்து ஏழு வருஷம் உள்ள."

பெரியப்பா முகம் வெளுத்தது, தந்தத்தைவிட. "அப்ப இதோட மதிப்பு?"

"தந்தமா இருந்தா பூஜ்யம்."

அந்த 'இருந்தா' எனக்கே உறுத்தியது. அந்தச் சமயத்தில்தான் ஆக்லாந்தில் வேலை பார்க்கும் தில்லைநகர் சிநேகிதன் லீவில் வந்தான். கழுத்தில் தூண்டில் முள் மாதிரி ஒரு வெள்ளை டாலர்.

"என்னடா, தந்தமா? உள்ளே போட்டுடுவாங்க!"

"மாட்டெலும்புடா. மாவோரிக்காரங்க டிசைன்" என்றான். நியூஸிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் அந்தக் காலத்தில் கரை ஒதுங்கிச் செத்த திமிங்கிலத்தின் எலும்பையும் பல்லையும் கல்லால் அறுத்து, மணற்கல்லில் தேய்த்து நகை செய்தார்களாம். திமிங்கிலப் பல்லைப் பெரிய மனுஷர்கள்தான் கழுத்தில் போடலாம். இன்றைக்கும் ஒதுங்கும் திமிங்கிலத்தின் எலும்பை அரசாங்கம் அந்தப் பகுதி மாவோரிகளிடம் கொடுப்பதுண்டு. கடைக்கு வருவதில் பெரும்பாலும் மாட்டெலும்பு. சரக்கு மாறினாலும் கலை நிற்கவில்லை. (நமக்கும் அந்த ஊருக்கும் பழைய பழக்கம் உண்டு. தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணி ஒன்றை மாவோரிகள் கிழங்கு வேகவைக்க வைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார் கண்ணில் பட்டு, இப்போது வெலிங்டன் மியூசியத்தில் இருக்கிறது.)

சிமிழையும் டாலரையும் எடுத்துக்கொண்டு தெரிந்த வாட்ச் ரிப்பேர்காரரிடம் போனோம். அவர் கண்ணில் மாட்டும் லென்ஸை வாங்கி டாலரைப் பார்த்தேன். ஊசியால் குத்திய மாதிரி பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள், கீறல்கள். ரத்தம் ஓடிய குழாய்களின் அடையாளம். எலும்பில் இருக்கும், தந்தத்தில் இருக்காது. தந்தத்தைக் குறுக்கே வெட்டினால், ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் வலை பின்னிய மாதிரி தெரியும்.

சிமிழைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். வலையைக் காணோம். புள்ளி, புள்ளி, புள்ளி.

ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி மெதுவாகச் சொன்னேன். "பெரியப்பா... எலும்பு."

ஐந்து நிமிஷத்தில் அத்தைக்கு போன் போனது. பத்தாவது நிமிஷம் அத்தையே வந்துவிட்டாள். "அறுபது வருஷமா பெருமாள் அலமாரில எலும்பா? அண்ணா, உங்களுக்கு வேணும்னா வச்சுக்கோங்கோ!"

"எனக்கெதுக்கு? நீதானே கேட்டே? தந்தம் மட்டும் என்ன, பல்லுதானே! பல்லுக்குத் தீட்டு கம்மியோ?"

எட்டு மாதம் கழித்துப் பேசிக்கொண்டார்கள், சத்தமாக. உள்ளிருந்து பெரியம்மா மூன்று டம்ளர் காபி கொண்டு வந்தாள்.

சிமிழ் இப்போது என் மேஜையில் இருக்கிறது, ஜெம் கிளிப் போட. யாரோ பெயர் தெரியாத ஆசாரி, வெறும் எலும்பு என்று தெரிந்தும் மயிலின் ஒவ்வொரு பீலிக்கும் கண் வைத்திருக்கிறார். தாத்தாவை ஏமாற்றியது கடைக்காரர். ஆசாரி ஏமாற்றவில்லை. ஒரு யானையும் சாகவில்லை. எனக்கு இது போதும்.

நேற்று பெரியப்பா போன். "டேய், ஆத்துல ஒரு வெள்ளிக் கூஜா இருக்கு. அந்த லென்ஸைக் கொஞ்சம் எடுத்துண்டு வரயா? அத்தைக்குச் சொல்லாதே!"