வடகம் காயவைக்கிறவளுக்கு ரோபோ போட்டியில் என்ன வேலை?



நான் பத்தாவது வரை படித்தவள். பாலக்கோடு பக்கம் கிராமம். என் கணவர் தருமபுரியில் ஒரு புளி மண்டியில் வேலை பார்க்கிறார். எங்களுக்கு ஒரே பெண், எட்டாவது படிக்கிறாள். போன தை மாதம் எனக்கு நேர்ந்த ஒரு அனுபவத்தை உங்களோடு பகிர்ந்து கொள்ளத்தான் இந்தக் கடிதம். நான் செய்தது சரியா என்று எனக்கே இன்னும் சில சமயம் சந்தேகம் வருகிறது.

என் மகள் படிக்கும் பள்ளியில் 'அடல் டிங்கரிங் லேப்' என்று ஒரு அறை இருக்கிறது. மத்திய அரசின் நிதி ஆயோக் 2016-ல் தொடங்கிய திட்டமாம். தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து, 6-ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை உள்ள பிள்ளைகள் கையாலேயே கருவிகள் செய்து பார்க்க வழி பண்ணியிருக்கிறார்கள். நாடு முழுக்க 10,000 பள்ளிகளுக்கு மேல் இந்த அறை வந்துவிட்டது. அரசுப் பள்ளிகளில் ஐந்து வருஷத்தில் இன்னும் 50,000 அமைப்போம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

அந்த அறையில் என் மகளும் இன்னும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து ஒரு ரோபோ செய்தார்கள். ரோபோ என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி மனுஷ உருவம் என்று நினைத்துவிடாதீர்கள். சோப்பு டப்பா அளவு வண்டி. இரண்டு சக்கரம், இரண்டு மோட்டார், ஒரு பேட்டரி, மூளை மாதிரி ஒரு சின்ன போர்டு. வெள்ளைத் தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அது தானாக ஓட வேண்டும். அவ்வளவுதான்.

"எப்படிடி கண்ணே இல்லாம கோட்டைப் பார்க்குது?" என்று கேட்டேன்.

"அடியில சென்சார் இருக்கும்மா. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அது கீழே அடிக்கும். வெள்ளையா இருந்தா திருப்பி அனுப்பும், கறுப்பா இருந்தா உறிஞ்சிக்கும். திரும்பி வரலைன்னா கோடு இருக்குன்னு வண்டிக்குத் தெரிஞ்சிடும்" என்றாள்.

வெயிலில் கறுப்புப் புடவை கட்டிக்கொண்டு போனால் உடம்பு கொதிக்கிறதே, அந்த சமாசாரம்தான் என்று புரிந்துகொண்டேன்.

மாவட்ட அளவில் போட்டி. தருமபுரியில் ஒரு கல்லூரியில் நடந்தது. முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகளுக்கு அடுத்த சுற்று. ஆள் பற்றாக்குறையாம், ஒவ்வொரு அணியிலிருந்தும் பெற்றோர் ஒருவர் உதவிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மற்ற மூன்று வீட்டிலும் கூலி வேலை, கடை என்று நழுவிவிட்டார்கள். நான் பெயர் கொடுத்தேன்.

"வடகம் காயவைக்கிறவளுக்கு ரோபோ போட்டியில என்ன வேலை?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். காபி ஊற்றிக் கொடுக்கிற வேலையாவது இருக்கும் என்று புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பள்ளிக்கூட சார் பஸ்ஸில் போகும்போது பிள்ளைகளிடம் ஒரு விஷயம் சொன்னார். அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989-ல் 'ஃபர்ஸ்ட்' என்று ஒரு அமைப்பு தொடங்கினாராம். 1992 முதல் அவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ போட்டி நடத்துகிறார்கள். நடுவரிலிருந்து வரிசையில் ஆள் விடுகிறவர் வரை ஏராளமானவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான். எதிர் அணியின் வண்டியில் ஒரு பாகம் உடைந்தால் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பது அங்கே வழக்கமாம். ஜெயிக்க முழு மூச்சாக உழைக்கணும், அதற்காக அடுத்தவனைக் கெடுக்கக் கூடாது என்பதை வுடி ஃப்ளவர்ஸ் என்ற பேராசிரியர் அந்தப் போட்டிகளின் தாரக மந்திரமாகவே ஆக்கிவிட்டார் என்றார். 2004 முதல் உலக ரோபோ ஒலிம்பியாட் என்று இன்னொரு போட்டியும் நாடு நாடாக நடக்கிறது, 2016-ல் டெல்லி பக்கத்திலேயே நடந்தது என்றும் சொன்னார். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அன்று மத்தியானமே அது என் தலையில் வந்து விழும் என்று தெரியவில்லை.

மொத்தம் 14 அணிகள். தரையில் பெரிய வெள்ளை ஃபிளெக்ஸ் விரித்து, அதில் கறுப்புக் கோடு வளைந்து வளைந்து போகிறது. காலையில் ஏழு அணிகள் ஓடின. எனக்குப் பெயர் கூப்பிட்டு வரிசையில் விடுகிற வேலை. சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் பார்க்கிற பெண்ணுக்குத் தலைவலி என்று என் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார்கள். பொறுப்பாக இருந்த மேடத்திடம், "என் மக அணி பன்னிரண்டாவதா வருதுங்க. அப்ப மட்டும் நான் நேரம் பார்க்கக் கூடாதுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "சரிம்மா, அப்ப வேற ஆள் போடறேன்" என்றார்.

எட்டாவது அணி ஓடியது. ஜன்னல் ஓரம் இருக்கிற வளைவில் வண்டி கோட்டை விட்டு விலகி எங்கோ போய்விட்டது. பாவம் என்று நினைத்தேன். ஒன்பதாவது அணி. அதே வளைவு, அதே மாதிரி போனது. பத்தாவது, அரூர் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள். வண்டி காற்றாய்ப் பறந்தது. அந்த வளைவுக்கு வந்ததும் அதுவும் தடம் மாறிவிட்டது. ஒரு பையன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

எனக்கு மனசுக்குள் உறுத்தியது. காலையில் ஏழு வண்டிகள் போன வளைவுதானே? குனிந்து பார்த்தேன். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் இறங்கி, சரியாக அந்த வளைவின் மேல் பட்டையாக விழுந்திருந்தது. தை மாத வெயில் மத்தியானத்துக்கு மேல் சாய்ந்து உள்ளே வரும் என்பது வடகம் காயவைக்கிற யாருக்கும் தெரியும். மகள் சொன்னதும் ஞாபகம் வந்தது. சென்சார் அடிக்கிற வெளிச்சம் வெயிலிலும் இருக்கிறதாம். வெயில் பட்டால் கறுப்பும் வெள்ளை மாதிரி தெரிந்து சென்சார் ஏமாந்துவிடும் என்பாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் என் மகள் நிற்கிறாள். கையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர். பையில் கறுப்புச் சார்ட் அட்டை இருப்பதும் எனக்குத் தெரியும். சென்சாரைச் சுற்றி அந்த அட்டையைப் பாவாடை மாதிரி ஒட்டிவிட்டால் பெருமளவு வெயில் உள்ளே போகாது. "வெயிலு" என்று வாயசைத்தாலே போதும், புரிந்துகொள்வாள். அவளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் சபலம் வந்தது. மூன்று மாதமாக ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து செய்த வண்டி அது. ஆனால் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் என்னை அவளுடைய அம்மா என்று அங்கே நிறுத்தவில்லை. அழுத பையனின் அம்மா அங்கே வரவும் இல்லை.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. பிறகு ஒரு தம்பியை விட்டு அந்த வளைவில் நிழல் விழும்படி பெரிய அட்டையைப் பிடிக்கச் சொல்லி, தோற்ற வண்டி ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தார். கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகப் போனது. உடனே ஜன்னலில் ஜமக்காளத்தைக் கட்டினார்கள். "எட்டு, ஒன்பது, பத்து மூணு அணிக்கும் மறுபடி வாய்ப்பு" என்று மைக்கில் அறிவித்தார்கள். என் மகள் அணி வந்தபோது ஸ்டாப்வாட்சை ஒரு கல்லூரிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன்.

முடிவு வந்தது. காலையில் ஓடிய ஒரு அணி 38 விநாடி, முதலிடம். மறுவாய்ப்பில் ஓடிய அரூர் பக்கத்துப் பிள்ளைகள் 41 விநாடி, இரண்டாமிடம். என் மகள் அணி 46 விநாடி. மூன்றாமிடம். ஒரு சான்றிதழோடு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

விஷயம் ஊருக்குள் பரவியது. அணியில் இருந்த ஒரு பையனின் அம்மா மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்: "ஏக்கா, உம் பொண்ணு தோத்தா அது உன் பாடு. எம் பையனும்ல தோத்தான்? பிள்ளைங்க காதுல ஒரு வார்த்தை போட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

நான் பேசாமல் இருந்திருந்தால் நம் பிள்ளைகள் வண்டியும் அதே வளைவில்தான் விழுந்திருக்கும் என்றேன். "அதுக்குத்தான் காதுல சொல்லச் சொல்றேன்" என்றார். எனக்கு அதற்கு மேல் பதில் வரவில்லை. அவர் பையனின் உழைப்பும் அதில் இருந்தது உண்மைதானே?

மகள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது, "எல்லாருக்கும் சொன்னே, எனக்கு ஏம்மா சொல்லல?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் சொன்னதுல நீயும் இருந்தியே பாப்பா" என்றேன். அவள் எதுவும் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் சத்தம் கேட்டு வந்து பார்த்தேன். குழாயடியில் என்னிடம் சண்டை போட்டாரே, அவர் பையன் உட்பட நாலு பிள்ளைகளும் இருந்தார்கள். வண்டிக்கு அடியில் கறுப்பு அட்டை ஒட்டியிருந்தது. வாசல் பூரா வெள்ளைத்தாள் பரப்பி வைத்திருந்தார்கள். மகள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "அம்மா, வெயில் எத்தனை மணிக்கு இந்தப் பக்கம் வரும்?"

"மூணரைக்கு" என்றேன். மூணரை வரை காத்திருந்தார்கள்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகள் பள்ளியிலும் இப்படி உதவிக்கு ஆள் கேட்டால், 'நமக்கு என்ன தெரியும்' என்று ஒதுங்காதீர்கள். அங்கே இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் தெரிந்தவர்கள் நிறைய இருப்பார்கள், வெயில் எப்போது எங்கே விழும் என்று தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் பிள்ளையின் அணி வரும்போது உங்களை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் பொறுப்பில் இருப்பவரிடம் மட்டும் சொல்லுங்கள். ஒரு தாய்க்கு அது எத்தனை கஷ்டம் என்று நான் அறிவேன்.

என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எழுதுங்கள். குழாயடியில் அந்தம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டும்.

- ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.