இந்த மொய் பத்து மடங்காகத் திரும்பும்!

கொங்கு நாட்டில் கல்யாணத்துக்கு மொய் வைத்தால் என்றைக்காவது ஒருநாள் திரும்பி வரும். 'மொய்னா' வைத்துப் பாருங்கள்... எல்லாம் சரியாக அமைந்தால் ஒரே வாரத்தில் பத்து மடங்காகத் திரும்பும்! பி.காம். படித்தவன் சொல்கிறேன், இந்த வட்டியை எந்தச் சீட்டுக் கம்பெனியும் கொடுத்ததில்லை. கொடுப்பதாகச் சொன்ன கம்பெனிகள் இப்போது இருப்பதில்லை.

"ஐயோ, ஈமு கோழி மாதிரியா?" என்று பயப்படாதீர்கள். இதற்கு முதலீடு இரண்டு பிளாஸ்டிக் டப், ஒரு டீ ஸ்பூன் ஈஸ்ட். ஏஜெண்ட் கிடையாது. ஓடிப்போக ஆளும் கிடையாது.

மொய்னா என்பது குண்டூசித் தலை அளவுகூட இல்லாத ஒரு நீர் ஜீவன். நன்றாக வளர்ந்ததே சுமார் 1 மில்லிமீட்டர்தான். இதன் அண்ணன் டாப்னியா. கொஞ்சம் வாட்டசாட்டம், 2, 3 மில்லிமீட்டர். தண்ணீருக்குள் தெள்ளுப்பூச்சி மாதிரி துள்ளித் துள்ளிப் போவதால் தண்ணீர்த் தெள்ளு என்று பெயர். பெயரைப் பார்த்துச் சொறிந்துகொள்ள வேண்டாம். இது கடிக்காது. உண்மையில் பூச்சியே அல்ல. இறால், நண்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

குண்டடத்திலிருந்து காலையில் பஸ் பிடித்து, திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இன்வாய்ஸ் அடித்துவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிற இளைஞர்கள் எத்தனை பேர்! அதில் ஒரு ரகம், டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீன் தொட்டி வைத்திருக்கும். நாலு கப்பி, ஒரு ஃபைட்டர். கப்பி குட்டி போட்டதும் ஆபீஸ் முழுக்க செய்தி பரவும். "முப்பது குட்டிங்க!" என்று மார்தட்டியவர் அடுத்த வாரம் வாயே திறக்க மாட்டார். முப்பது மூன்றாகியிருக்கும்.

காரணம் பெரும்பாலும் சாப்பாடுதான். மீன் குஞ்சின் வாய் சின்னது. அசைகிற இரையைத்தான் அதன் கண் தேடும். நாம் தூவுகிற பவுடர் பாதி மிதக்கும், மீதி அடியில் போய் அழுகும். தண்ணீர் கெடும், குஞ்சு சாகும். மொய்னா அப்படியல்ல. குஞ்சு சாப்பிடாமல் விட்டாலும் அது தொட்டிக்குள் உயிரோடு நீந்திக்கொண்டே இருக்கும். ராத்திரி பசித்தால் குஞ்சு எழுந்து ஒரு வாய் பிடித்துக்கொள்ளும். உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி புரதம். டப்பாவில் வரும் ஆர்டீமியா முட்டையும் நல்ல தீனிதான். ஆனால் அது உப்புத் தண்ணீர்ப் பிராணி; நல்ல தண்ணீரில் சில மணி நேரத்தில் செத்துவிடும். விலையும் முதல் தேதிக்கு மட்டும்தான் தாங்கும்.

கப்பிக் குட்டி பிறந்த அன்றே சின்ன மொய்னாவைப் பிடிக்கும். ஃபைட்டர் குஞ்சு இன்னும் பொடிசு. அதற்கு முதல் சில நாள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்த் தண்ணீர் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் மொய்னா.

எங்கே பிடிப்பது?

சென்னைக்காரர்களுக்குக் கவலையில்லை. அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூரில் கேட்டால் உயிர்த்தீனி கிடைக்கும். நமக்கு? மழை மறைவுப் பிரதேசம். மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்து வைத்துக்கொண்டு காற்றை மட்டும் அனுப்பும். அதனால்தான் பல்லடத்திலிருந்து தாராபுரம் வரை காற்றாலைகள் சுற்றுகின்றன, வானம் சும்மா இருக்கிறது.

ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை பெய்தால் காட்டோரக் குட்டைகளில் தண்ணீர் நிற்கும். ஆடு மாடு வந்து குடிக்கிற, லேசாகப் பச்சை ஓடிய, மீன் இல்லாத குட்டையாகப் பாருங்கள். மீன் இருந்தால் உங்களுக்கு முன்னால் அது பந்தியை முடித்திருக்கும். பி.ஏ.பி. வாய்க்காலில் தேடிப் பயனில்லை. ஓடுகிற தண்ணீரில் இது தங்காது. தோட்டத்துக் கிணற்றடியில் பாசி பிடித்த மாட்டுத் தொட்டி இருந்தால் அதையும் எட்டிப் பாருங்கள். விடிகாலையில் போனால் மேல்மட்டத்தில் மேகம் மாதிரி மொய்த்துக்கொண்டிருக்கும். சில சமயம் அந்த மேகம் சிவப்பாக இருக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போது நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினை இதுவும் கூடுதலாகத் தயாரித்துக்கொள்கிறது.

ஓரமாக நின்று சன்னமான துணி வலையால் எட்டு போட்டு இழுத்தால் போதும். கல்குவாரிக் குழியிலும் படியில்லாத கிணற்றிலும் இறங்கவே வேண்டாம். மீன் குஞ்சுக்காக வீட்டுக் குஞ்சை இழக்க முடியாது. சாக்கடையும் வேண்டாம். அங்கே பூச்சி கொழுத்திருக்கும். கூடவே நோயும் வரும்.

வலையில் அகப்பட்டதை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு மூட்டை தொங்க, அம்பு மாதிரி விர்ரென்று பாய்கிறதா? அது சைக்ளாப்ஸ். நெற்றியில் ஒற்றைக் கண். அந்தக் காலத்தில் நம் ஜனங்களைப் படுத்திய நரம்புச் சிலந்தி நோய், புழு ஏறிய சைக்ளாப்ஸைத் தண்ணீரோடு குடித்ததால்தான் வந்தது. துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லியே அதை விரட்டினார்கள். 1996-ல் ராஜஸ்தானில் கடைசி நோயாளி. 2000-ல் இந்தியாவுக்கு விடுதலைச் சான்றிதழ். இப்போது பயமில்லை. ஆனாலும் சைக்ளாப்ஸ் டப்பில் புகுந்தால் மொய்னாவுக்குப் பங்காளிச் சண்டை. பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

சித்திரையில் குட்டை காய்ந்துவிட்டதா? அப்போதும் வழி உண்டு. பஞ்சம் வருகிறது என்று தெரிந்தால் இது கெட்டியான ஓட்டுக்குள் முட்டையை வைத்து மூடிச் சேற்றில் விட்டுவிடும். குட்டை காய்ந்தாலும் முட்டை தாங்கும். காய்ந்த வண்டலை ஒரு கை அள்ளி வந்து மழைத் தண்ணீரில் போட்டு வைத்தால், அதிர்ஷ்டம் இருந்தால் சில நாளில் துள்ள ஆரம்பிக்கும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ஏரிச் சேற்றிலிருந்து சுமார் 700 வருஷத்துப் பழைய டாப்னியா முட்டைகளைப் பொரிய வைத்ததாக 2014-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். நம் ஆபீஸில் 2014-ம் வருஷத்து ஃபைலைக் கேட்டால் கிடைக்காது!

மாப்பிள்ளை தேவையில்லை

சௌகரியமான காலத்தில் மொய்னா ஊரில் எல்லோரும் பெண்கள். ஆண் துணை இல்லாமலே முதுகுப் பைக்குள் குஞ்சு வளர்த்து வெளியே விடும். அந்தக் குஞ்சு நாலைந்து நாளில் தானே தாயாகிவிடும். ஜாதகம் இல்லை, மண்டப அட்வான்ஸ் இல்லை. சாப்பாடு குறைந்து நெரிசல் கூடினால்தான் ஆண்கள் பிறப்பார்கள். ஆண்கள் தலைகாட்டினால் ஊருக்குக் கஷ்டகாலம் என்று அர்த்தம். வீட்டில் இந்த வரியைச் சத்தமாகப் படிக்காதீர்கள்.

உடம்பு கண்ணாடி மாதிரி. இதயம் துடிப்பது லென்ஸில் தெரியும். இந்தக் கண்ணாடி உடம்பைப் பார்த்துத்தான் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1884-ல் ஒரு விஷயத்தை உறுதி செய்தார்: உடம்புக்குள் புகுந்த கிருமியை ரத்த அணுக்கள் விழுங்கிச் சண்டை போடுகின்றன! டாப்னியாவுக்குள் நடந்த அந்தச் சண்டையும் சேர்ந்துதான் அவரை 1908-ல் நோபல் பரிசு வரை கொண்டுபோனது.

டப்புக்குள் குடித்தனம்

40 லிட்டர் பிடிக்கிற அகலமான டப் இரண்டு. ஏன் இரண்டு? ஒன்று திவாலானால் இன்னொன்று ரிசர்வ் ஃபண்ட்.

வெயில் நேராக விழாத, வெளிச்சமான இடம். "தண்ணி லாரிக்கு நாங்க குடத்தோட நிக்கறோம், உம்பட பூச்சிக்கு ரெண்டு டப்பு தண்ணியா?" என்று அம்மா கேட்பார், நியாயம்தான். அதனால் மீன் தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது கொட்டுகிற பழைய தண்ணீரையே பிடித்து வையுங்கள். பச்சை ஓடியிருந்தால் விருந்துதான். ஆனால் தொட்டியில் மீனுக்கு மருந்து விட்டிருந்தால் கூடாது. முக்கியமாகத் தாமிரம் கலந்த மருந்து மொய்னாவுக்கு எமன். குழாய்த் தண்ணீரானால் இரண்டு நாள் திறந்து வைத்து குளோரின் போன பிறகு விடுங்கள். போர் தண்ணீர் சப்பென்று உப்புக் கரிக்கிறதா? குட்டைத் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள்.

சாப்பாடு: பேக்கரி ஈஸ்ட் கால் டீ ஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, டப் தண்ணீர் லேசாகக் கலங்குகிற அளவுக்கு ஊற்றுங்கள். அரிசித் தவிட்டைப் பிழிந்து வடிகட்டிய தண்ணீரும் ஆகும். கலங்கல் தெளிந்த பிறகுதான் அடுத்த வேளை. இந்த ஒரு விதியை மறந்தவர்கள்தான் மூன்றாம் நாள் நாற்றத்தோடு டப்பைச் சாய்க்கிறார்கள். பசியால் சாகிற மொய்னாவைவிடப் பாசத்தால் சாகிறதுதான் அதிகம். காற்று மோட்டார் வைத்தால் பெரிய குமிழியாக மெதுவாக விடுங்கள். பொடிக் குமிழி ஓட்டுக்குள் மாட்டிக்கொண்டால் பாவம், மேலேயே மிதந்து சாகும்.

மூடி போட வேண்டும். இல்லாவிட்டால் கொசு முட்டையிட்டு, சுகாதாரத் துறையினர் டப்பைக் கவிழ்த்துவிட்டுத்தான் போவார்கள். டெங்கு ஊரில் அது நியாயமும்கூட. இங்கேதான் திருப்பூர் கைகொடுக்கிறது. பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் துணியை டப் வாயில் இழுத்துக் கட்டுங்கள். காற்று போகும், கொசு போகாது. சாயம் போடாத வெள்ளைத் துணியாக, நன்றாக அலசியதாக இருக்கட்டும்.

ஐந்தாறு நாளில் டப் மொய்க்கும். அப்போதும் ஆசைப்படாமல் தினம் கால் பங்குதான் அள்ள வேண்டும். முதலில் கை வைக்காமல் வட்டியில் சாப்பிடுகிற கணக்கு இது. அள்ளியதை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு மீனுக்குப் போடுங்கள்.

தண்ணீருக்குப் பரீட்சை

மொய்னா வளர்ப்பவருக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. தண்ணீரில் விஷம் இருந்தால் மீனுக்கு முன்னால் இந்தக் குடும்பத்துக்குத் தெரியும். உலகம் முழுக்கப் பரிசோதனைக்கூடங்களில், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத டாப்னியாக்களைச் சோதனைத் தண்ணீரில் விட்டு, 48 மணி நேரத்தில் எத்தனை அசைவற்றுப் போகின்றன என்று எண்ணுவது அங்கீகரிக்கப்பட்ட முறை. துணி ஆலைக் கழிவும் இந்தப் பரீட்சைக்குத் தப்பியதில்லை.

நம் ஜில்லாக்காரர்களுக்கு இது ஏட்டுப் படிப்பல்ல. பாசனத்துக்காக 1992-ல் நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்குகிற தொட்டியாகிப்போனதை நாம் பார்த்தோம். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் 'ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது' என்பது கண்டிப்பானது. தண்ணீர் செத்துப்போனதை விவசாயி பயிர் கருகிய பிறகு தெரிந்துகொண்டார். அந்தக் குட்டிப் பிராணியைக் கேட்டிருந்தால் இரண்டே நாளில் சொல்லியிருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது இதுதான். புதிதாக எந்தத் தண்ணீரையும் மீன் தொட்டியில் விடுமுன், குளோரின் போக்கிய ஒரு டம்ளரில் பத்து மொய்னாவைப் பழக்கி விடுங்கள். மறுநாள் பத்தும் துள்ளினால் தைரியமாக ஊற்றலாம். பாதி படுத்துவிட்டால் அந்தத் தண்ணீர் மீனுக்கு வேண்டாம். ஆனால் ஒன்று: மொய்னா பிழைத்த தண்ணீர் மனிதன் குடிக்கத் தகுந்தது என்று அர்த்தமில்லை. அதற்கு முறையான தண்ணீர்ப் பரிசோதனைதான் வழி.

முப்பது குட்டி பிறந்து முப்பதும் பிழைப்பது மருந்துக் கடையில் விற்கிற விஷயமல்ல. அது தண்ணீரில் இருக்கிறது. ஆகவே மீன் வாங்க சந்தைக்கோ டவுனுக்கோ போகிற தம்பிகளே, முதலில் ஒரு டப் மொய்னா வளர்த்துப் பாருங்கள். அது ஒரு மாசம் பிழைத்தால் அப்புறம் மீன் வாங்குங்கள். பிழைக்கவில்லையா? மீன் காசு மிச்சம். நாலு கல்யாணத்துக்கு மொய் வைக்கலாம்!