வீட்டு வழங்கியின் வாயில்களைச் சோதித்தல்

நெகிரி செம்பிலானின் லாபு, லின்சம், சுவா பெத்தோங் முதலிய தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரின் சான்றுகள் பல, இன்று குடும்பங்களின் கையிலேயே எஞ்சியுள்ளன. லயத்து வாசலில் எடுத்த நிழற்படம், திருவிழா அழைப்பிதழ், பிறப்புப் பத்திரம் போன்றவை அவை. இவற்றை மின்படியாக்கிப் பழைய கணினி ஒன்றில் சேமித்து, அதனையே வழங்கியாக இயக்கி, இடம்பெயர்ந்த உறவினர் காணுமாறு இணையத்தில் திறந்துவைத்தல் இன்று எளிது. ஆனால், திறந்த வாயில் உறவினருக்கு மட்டும் உரியதன்று. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்னும் தீநிரல், இணையத்திற்கு நேரே திறந்திருந்த கியூநாப் சேமிப்புக் கருவிகளுள் புகுந்து கோப்புகளைப் பூட்டியது, திறவுகோலுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. மூலப்படத்தைக் கறையான் அரித்துவிட்ட குடும்பத்திற்கு அத்தகைய பூட்டு பேரிழப்பாகும்.

வழங்கியைச் சோதிக்கும் முறை, தோட்டத்துப் பெரட்டை ஒத்தது. விடியற்காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திக் கிராணி பெயர் அழைப்பதே பெரட்டு. மாணவர்கள் தாத்தா பாட்டியரிடம் கேட்டறியலாம். கணினியில் பெயருக்கு மாறாக 1 முதல் 65,535 வரை எண்ணிட்ட வாயில்கள் உள்ளன. 'போர்ட்' எனப்படும் இவற்றைத் 'துறை' என்பாரும் உளர். வாயில் என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. 1997இல் கோர்டன் லியோன் வெளியிட்ட 'என்மேப்' என்னும் மென்பொருள் இவற்றை ஒவ்வொன்றாக அழைக்கும். 'உள்ளேன்' என்று விடை வந்தால் அவ்வாயில் திறந்துள்ளது. 'எவரும் இல்லை' என்று வந்தால் மூடியுள்ளது. விடையே வாராவிடின், இடையே தீயரண் மறித்திருக்கக்கூடும். தனியே பணிக்காவிடின் என்மேப் மிகுதியும் பயன்படும் 1,000 வாயில்களையே அழைக்கும். ஆகவே, 1 முதல் 65,535 வரை முழுமையாக அழைக்கப் பணித்தல் வேண்டும்.

இச்சோதனையை வீட்டினுள்ளிருந்து ஒருமுறையும், கைப்பேசித் தரவு இணைப்பின் வழி வெளியிலிருந்து ஒருமுறையும் செய்க. நாம் அறியாமலேயே திசைவி திறந்துவிட்ட வாயில்கள் வெளிச்சோதனையில்தான் புலப்படும். ஆயினும், அதற்குமுன் ஒன்றை உறுதிசெய்தல் வேண்டும். திசைவி காட்டும் வெளிமுகவரியும் இணையத்தில் நமக்குத் தெரியும் முகவரியும் வேறுபட்டால், அம்முகவரி பலருக்குப் பொதுவானது. அதனைச் சோதிப்பது பிறர் கருவியைத் தட்டுவதாகும். மலேசியாவின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றிப் பிறர் கணினியுள் நுழைவோர்க்கு 50,000 ரிங்கிட் வரை தண்டமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. பள்ளிக் கணினியும் மாணவருக்குப் பிறர் கணினியே.

திறந்த வாயிலின் பின் எந்த மென்பொருளின் எப்பதிப்பு இயங்குகிறது என்பது அடுத்த கேள்வி. 'ஓப்பன்வாஸ்' போன்ற கருவிகள் அதனை அறியப்பட்ட குறைபாடுகளின் பட்டியலோடு ஒப்பிடும். அவ்வறிக்கையை அப்படியே நம்பலாகாது. டெபியன் இயங்குதளத்தார் பழைய பதிப்பெண்ணை வைத்துக்கொண்டே குறையைத் திருத்துவதுண்டு. கருவியோ எண்ணைக் கண்டு குற்றம் சாட்டும்.

உண்மைக் குறையெனின் உடனே திருத்துக. 445ஆம் வாயிலின் வழிப் பரவிய 'வானாக்ரை' 2017 மே 12 அன்று உலகைத் தாக்கியது. அக்குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. சோதனையில் எதுவும் சிக்காவிடினும், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லை மாற்றுக. நிழற்படங்களின் படி ஒன்றை வழங்கியோடு இணைக்காத வன்தட்டில் தனியே வைத்திருக்க.